நடக்கச் சொன்னவள்

செவ்வாய்க்கிழமை

கோபத்தில் பேனாவே உருகிவிடும் போலிருக்கிறது. வீரபாண்டி ஊருக்கே பனியன் சக்கரவர்த்தியாகிய என்னை, என் தங்கை மகள் கவிதா, என் கம்பெனி டெய்லர்கள் முன்னால் நிற்க வைத்துத் திட்டிவிட்டாள்.

சர்க்கரை குறையாவிட்டால் இனி ஊசிதான் என்று டாக்டர் மிரட்டியபோது, ஜிம் நடத்தும் இவள்தான் வழி சொன்னாள். அரை நிமிடம் பாய்ந்து ஓட வேண்டும், மூச்சு அடங்கும்வரை மெல்ல நடக்க வேண்டும், மறுபடி பாய வேண்டும். நடப்பதாவது! என் கம்பெனியில் ஒரு மிஷின் சும்மா நின்றாலே எனக்குச் சோறு இறங்காது. நடையை வெட்டிவிட்டு, கம்பெனியைச் சுற்றி ஒரு மாதமாக ஓட்டமாய் ஓடினேன். என் வேர்வையில் நொய்யல் ஆற்றின் கரை உடையாதது ஆச்சரியம்.

இன்று நேரில் பார்த்தவள் கத்தினாள்.

"ஏனுங் மாமா, இதுக்குப் பேரு ஓட்டமுங்களா? எருமையாட்ட நவுந்துட்டு இருக்கறீங்க! நடந்து மூச்சு வாங்குனாத்தானுங்க மறுக்கா பாய முடியும். பாஞ்சாத்தான் சதையில சேந்த சர்க்கரை வேகமா எரியும். காலியான சதை ரத்தத்துல இருக்கறதை இழுத்துக்கும்."

"சும்மா நிக்கற ஐடில் டைமுக்கு நான் கூலி தர்றதில்லை கண்ணு."

"அப்ப ஊசியே போட்டுக்கங்க!"

போயே விட்டாள். டெய்லர்கள் துணிக்குள் முகத்தைப் புதைத்துச் சிரித்தார்கள்.

எல்லோரும் கிளம்பியபின் ஒரே ஒரு முறை அவள் சொன்னபடி செய்தேன். நடந்தேன். பிறகு பாய்ந்தேன், இந்த ஒரு மாதத்தில் ஓடாத வேகத்தில். கம்பெனி நாய் குரைக்க மறந்து வழிவிட்டது.

அதனால்தான் ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.