ஓமந்தையில் ஒன்பது மணிக்கூடுகள்

தண்ணீரூற்று,
முள்ளியவளை.
17.08.2003

என்மேல் கோபமாக இருக்கும் அன்புள்ள ஹமீட் நானாவுக்குத் தம்பி பரமலிங்கம் எழுதுவது.

நானும் விமலேஸ்வரியும் சுகம். நீங்களும் நபீஸா அக்காவும் புத்தளத்தில் சுகமாக இருக்க வேண்டுகிறோம். சிறுபோக வெட்டு முடிந்துவிட்டது, விளைச்சல் பரவாயில்லை.

உங்கள் கடிதம் வந்தது. இரண்டே வரி. "ஓமந்தையில காத்திருந்தன், நீ வரேல்ல. தர மனமில்லையெண்டால் மணிக்கூடுகளை நீயே வச்சிரு." முத்திரை ஒட்டியதற்காவது இன்னும் நாலு சொல் ஏசியிருக்கலாம். அதை வாசித்த விமலேஸ்வரி இரண்டு நாளாக என்னோடு கதைக்கவில்லை. ஆகவே நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன். முழுவதும் வாசிக்கமுதல் கிழித்துவிடாதீர்கள்.

தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம் ஆக்கள் எல்லோரையும் இயக்கம் ஊரைவிட்டுப் போகச்சொன்ன அன்று நீங்கள் வேலிக்கு மேலால் தந்த பிஸ்கட் பேணி அப்படியே இருக்கிறது. நீங்கள் தேடித்தேடிச் சேர்த்த கைமணிக்கூடுகள் ஒன்பதும் அதற்குள் இருக்கின்றன. அந்த அந்தரத்திலும், "பரமு, பற்றறியளைக் கழட்டிப்போட்டு வை, ஊறினால் உள்ளுக்க அரிச்சுப்போடும்" என்று சொன்னீர்கள். உடுப்பை மறந்தீர்கள், பற்றறியை மறக்கவில்லை. அன்றைக்கே கழற்றினேன். பிறகு ஷெல்லடிக்கு ஓடியபோதெல்லாம் பேணியும் எங்களோடு ஓடியது. ஒருமுறை தையல் மெசினை விட்டுவிட்டுப் பேணியைத் தூக்கினேன். விமலேஸ்வரி அதை இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறாள்.

சண்டை நின்று பாதை திறந்து, அரசாங்கப் பக்கச் சோதனைச்சாவடி இருக்கிற ஓமந்தைக்கு நீங்கள் வரச்சொல்லி எழுதியதும், வவுனியாவிலிருந்து பற்றறி எடுப்பித்து எல்லாவற்றுக்கும் போட்டேன். சிவப்பு எழுத்துக்காரன் பொத்தானை அழுத்தினால்தான் நேரம் காட்டுகிறான். எந்நேரமும் எரிந்தால் பற்றறியைக் குடித்து முடித்துவிடுவான் என்று நீங்கள் சொன்னது சரிதான். கறுப்பு எழுத்துக்காரன் சிக்கனம். தானாக வெளிச்சம் விடாமல், விழுகிற வெளிச்சத்தை மறைத்தே எழுத்துக் காட்டுகிறான். கவைக்காரன்தான் ராசா! பற்றறி பட்டதும் உள்ளேயிருக்கும் இரண்டு கால் உள்ள குட்டி இசைக்கவை செக்கனுக்கு முந்நூற்றறுபது தரம் அதிர்ந்து இரையத் தொடங்கிவிட்டது. அலுமாரிக்குள் குளவி என்று விமலேஸ்வரி தும்புத்தடியோடு ஓடிவந்தாள். எங்கள் பக்கத்து றேடியோவைக் கேட்டு ஒன்பதையும் செக்கன் பிசகாமல் வைத்தேன்.

பேணியோடு போனால் வியாபாரச் சாமான் என்று மறிப்பார்கள், கையில் கட்டிக்கொண்டு போங்கோ என்றது விமலேஸ்வரியின் மூளை. இடக்கையில் ஐந்து, வலக்கையில் நாலு, மேலே நீட்டுக்கைச் சேட். அந்த வெயிலில் பஸ்ஸில் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். சோதனையில் ஒருவர் சேட்டுக் கையை உயர்த்திப் பார்த்துவிட்டு, இரைகிறதில் காதை வைத்துக் கேட்டார். பிறகு மற்றவர்களையும் கூப்பிட்டுக் கேட்கவைத்தார். சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்கள்.

பத்து மணிக்கு வரச்சொன்னீர்கள். பத்தேகாலுக்கு வான் திரும்பிவிடும், கூட வருகிறவர்கள் பொறுக்கமாட்டார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். பதின்மூன்று வருடத்துக்குப் பதினைந்து நிமிடமா என்று மனம் நொந்தது. ஆனாலும் நீங்கள் சொன்ன தேத்தண்ணிக் கடைக்குப் பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கவே போய்விட்டேன். கடைக்காரி இரஞ்சிதத்திடம் பிளேன்ரீ வாங்கிக் குடித்துக்கொண்டு, "எங்கட நானா கலியாணவீட்டுக்கே பந்தி முடியத்தான் வருவார்" என்று பெருமையாகக் கதை சொன்னேன். பத்தரை வரையும் சொன்னேன்.

அப்போதுதான் அவா கேட்டா: "ஐயா, நரைத்தாடியோட ஒரு பெரியவரையோ பாக்கிறியள்? நீங்கள் வரக்கொஞ்சம் முந்தித்தானே வானில ஏறிப் போனவர்." சுவரில் மணி பதினொன்று. உங்கட மணிக்கூடு பிழை என்று சண்டைக்குப் போய், சேட்டின் இரண்டு கையையும் உயர்த்தி ஒன்பதையும் காட்டினேன். அவா ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "ஒம்பதும் பழைய நேரம் ஐயா" என்றா.

தொண்ணூற்றாறில் அந்தப் பக்கம் அரசாங்கம் நேரத்தை முன்னுக்குத் தள்ளியது, எங்கள் பக்கம் இயக்கம் தள்ளவில்லை. இன்றைக்கும் அரை மணித்தியாலம் வித்தியாசம். சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த விசயம், எனக்கும் தெரியும். ஆனால் உங்கள் கடிதத்தை உங்கள் பழைய குரலிலேயே வாசித்துவிட்டேன். நீங்கள் இங்கே இருந்த காலத்தில் இருந்தது ஒரே நேரம்தானே. மணிக்கூட்டின் குடல்வரை தெரிந்த உங்களுக்கும் இது தோன்றவில்லையே!

கடை வாங்குப் பலகையில் இருந்தபடியே அழுதேன், நானா. ஐந்து மணிக்கூடு கட்டிய கையால் கண்ணைத் துடைத்ததில் மூக்கும் கீறிப்போயிற்று.

இனி ஓமந்தைக்கு ஒன்றையும் கொண்டுவரமாட்டேன். வேண்டுமென்றால் வீட்டுக்கு வந்து எடுங்கள். ஊருக்குள் கால்வைக்க உங்களுக்கு மனம் வரவில்லை என்று தெரியும். அன்று நீங்கள் போகும்போது பேணியை வாங்கிக்கொண்டு வேலிக்கு இந்தப்பக்கம் பேசாமல் நின்றேன். போகவேண்டாம் என்று ஒரு சொல் சொல்லவில்லை. பயந்துவிட்டேன். அதற்கு என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். இதை எழுதத்தான் இவ்வளவு மணிக்கூட்டுக் கதையும்.

நபீஸா அக்காவையும் கூட்டிவாருங்கள். எந்த நேரப்படி வந்தாலும் படலை திறந்திருக்கும். பாதை திறந்த அன்றிலிருந்து விமலேஸ்வரி உங்களுக்கென்று ஒரு சேவல் வளர்க்கிறாள். நாங்கள் அறுத்தால் நீங்கள் சாப்பிடமாட்டீர்கள், நீங்களே வந்துதான் அறுக்கவேண்டும். அது நாளுக்கு நாள் முற்றிக்கொண்டு போகிறது. எனக்கு இப்போதே கடைவாய்ப்பல் இரண்டு இல்லை. ஆண்டவன் உங்களுக்கு நல்ல சுகத்தையும் மிச்சப் பற்களையும் தரட்டும். கெதியாக வாருங்கள், நானா.

உங்கள் தம்பி,
பரமலிங்கம்