பட்டாணி அளவு முட்டைக்கோஸ்

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் அம்மாவும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் குட்டியும் எங்களைவிடச் சுகமாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை காபி குடித்து முடித்ததும், தீர யோசித்து, எவருடைய வற்புறுத்தலும் இன்றி, சமைப்பது என்று நான் தீர்மானித்தேன். வற்புறுத்தல் இன்றி என்பது முழு உண்மை அல்ல. உன் பிரசவத்துக்கு வந்து மூன்று மாதம் இருப்பதாகச் சொன்ன அம்மா, என் கண் முன்னால ஒரே ஒரு அயிட்டம் செஞ்சு காட்டுங்க, இல்லேன்னா உங்களைப் பட்டினி போட்டுட்டு நான் எங்கேயும் நகர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். உன் பிரசவமே என் கரண்டியை நம்பி இருக்கிறது என்று புரிந்ததும் உனக்குப் போன் செய்தேன். ஸ்டிர் ஃப்ரை பண்ணுங்கப்பா, எல்லாக் காயையும் ஒரே அளவா நறுக்கி, பெரிய தீயில அஞ்சு நிமிஷம் கிளறினா போதும் என்றாய்.

ஒரே அளவு என்ற சொல்லை, எடையளவு ஆய்வாளராக ஓய்வு பெற்றவனிடம் நீ யோசித்துச் சொல்லியிருக்க வேண்டும். பையில் கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ், பட்டாணி இருந்தன. பட்டாணியைப் பெரிதாக்க முடியாது. ஆகவே மற்றவைதான் இறங்கிவர வேண்டும். தடிமன் அளக்கும் பழைய காலிப்பரை எடுத்துத் துடைத்தேன். ஆய்வுக்கு வெளியாள் ஒருவர் சாட்சி இருக்க வேண்டும் என்பது விதி என்பதால் மாடி வீட்டுத் தையல்காரரைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். கோர்ட்டுல சாட்சி சொல்லியிருக்கேன் சார், கேரட்டுக்கு இதுதான் முதல் தடவை என்றார். கேரட்டும் பீன்ஸும் ஓரளவு ஒத்துழைத்தன. முட்டைக்கோஸ் தட்டையான பொருள், எப்படித் திருப்பினாலும் ஏதாவது ஒரு பக்கம் தோற்றது. பட்டாணிகளே ஒன்றுக்கொன்று சமமில்லை என்பது மத்தியானம்தான் தெரிந்தது. அதிலும் பாதியைத் தள்ள நேர்ந்தது. தேறாததை எல்லாம் அம்மா ஒரு குண்டானில் வாரிக்கொண்டே இருந்தாள். கல்யாணக் கோட்டுக்கே நான் இவ்வளவு அளவு எடுக்கறதில்ல, பசிக்குது சார் என்றார் தையல்காரர்.

சாயங்காலம் தேறிய காய் ஒரு டம்ளர் இருந்தது. பெரிய தீ வைத்து, எண்ணெய் ஊற்றி, கொட்டிக் கிளறினேன். இரண்டாவது நிமிடமே, கறுக்குதுங்க, இறக்குங்க என்று அம்மா கத்தினாள். நீ சொன்னது ஐந்து. நான் கையை நிறுத்தவில்லை. அதற்குள் பக்கத்து அடுப்பில் அவள் குண்டானில் இருந்ததை வதக்கி இறக்கிவிட்டாள். மூன்று பேரும் அதைத்தான் சாப்பிட்டோம். தையல்காரர் மறுபடியும் கேட்டு வாங்கிக்கொண்டார். என்னுடையதை ஆற வைத்து அளந்தேன். கருகிய பிறகும் துண்டுகள் சமமாகவே சுருங்கியிருந்தன. அம்மா எட்டிப் பார்த்து, உங்களைத் தனியா விட்டுட்டுப் போனா வீடு மொத்தமும் இப்படித்தான் ஒரே அளவா கருகிக் கிடக்கும் என்றாள். ஒரே அளவு என்பதை அவளே ஒப்புக்கொண்டதால் தேர்ச்சி பெற்றதாக எடுத்துக்கொண்டேன்.

கனமான எதையும் தூக்காதே, வேளைக்குச் சாப்பிடு, மாடிப்படி விளக்கை உடனே மாற்றச் சொல். உனக்கும் குட்டிக்கும் ஒரு குறையும் வராது, எங்கள் ஆசி எப்போதும் உண்டு. மறக்காமல் விமான நிலையத்துக்குப் பெரிய வண்டியாகக் கொண்டு வரும்படி மாப்பிள்ளையிடம் சொல். அம்மா இரண்டு டிக்கெட் எடுத்திருக்கிறாள்.

அன்புடன்,
உன் அப்பா