அப்பா பெயருக்கு வந்த சரக்கு

ஆரணி,
ஞாயிறு மாலை.

அன்புள்ள சோபியா கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். கர்த்தர் தயவில் என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, அந்த ஊர்க் குளிரில் உனக்கும் மாப்பிள்ளைக்கும் சளி, இருமல் வராமல் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். போனில் பேச ஆரம்பித்தால் ஐந்தாவது நிமிஷம் உனக்கு டியூட்டிக்கு நேரமாகிவிடுகிறது, நானும் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி வைத்துவிடுகிறேன். போன வாரம் மாப்பிள்ளை அலன் தனியாகக் கூப்பிட்டார். அங்கே வீடு வீடாகப் போய்ப் புல்தரை பராமரிக்கும் தொழில் தொடங்கப் போகிறாராம், மெஷின்களைச் சீனாவிலிருந்து நேராக இறக்கலாம் என்று இருக்கிறாராம். "மாமா இறக்கினாரே அத்தை, வரி கிரி எல்லாம் இன்னா பாத்துக்கணும்?" என்று கேட்டார். நான் சிக்னல் சரியில்லை என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன். காரணம் இதுதான் கண்ணு. அந்த மெஷின்களை அப்பா இறக்கவில்லை. நான்தான் இறக்கினேன். உன்னிடம் சொல்லாமல் ஐந்து மாதம் ஓட்டிவிட்டேன், இப்போது சொல்கிறேன்.

நம் கடையில் இத்தனை வருஷம் மருந்து அடிக்கும் ஸ்பிரேயரும் மோட்டாரும்தான் ஓடியது உனக்குத் தெரியும். இப்போது பட்டுப்புடவைக் கடைக்காரர்கள் கட்டுகிற கல்யாண மண்டபம், காலேஜ், களம்பூர் ரைஸ்மில் முதலாளிகளின் புது பங்களா எல்லாவற்றிலும் வாசலில் புல்தரை போடுகிறார்கள். அதை வெட்ட மெஷின் கேட்டு வருகிறவர்களை எத்தனை நாள் திருப்பி அனுப்புவது என்று அப்பா ஜனவரியில் சீனாவில் ஒரு கம்பெனிக்கு ஆர்டர் கொடுத்தார். தள்ளிக்கொண்டு போகும் மெஷின் பாதி, தோளில் மாட்டி வெட்டும் மெஷின் பாதி. பிப்ரவரியில் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. நீ வந்தாய், பதினோராம் நாள் லீவு முடிந்து திரும்பிப் போனாய். சீனாவில் கப்பலில் சரக்கு ஏறியபோது அப்பாவை அடக்கம் செய்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. எனக்கு ஆர்டர் ஞாபகமே இல்லை. அப்பா போனை மட்டும் ஏனோ தினமும் சார்ஜ் போட்டு வைத்துக்கொண்டிருந்தேன், அது அடித்தால் வீட்டில் ஒரு சத்தமாவது இருக்கும் என்று. மார்ச் கடைசியில் ஒரு நாள் மத்தியானம் அது அடித்தது. எடுத்தால் ஒரு ஆம்பிளைக் குரல், "சத்தியராஜ் சாரா?" என்றது. என் பேரைத்தான் அப்பா பேரோடு சேர்த்துச் சொல்கிறார் என்று நினைத்து, ஆமாங்க சாராதான் என்றேன். அந்த மனுஷன் சார் என்று கேட்டிருக்கிறார். குரல் பொம்பளைக் குரலாக இருக்கிறதே என்றுகூட யோசிக்காமல், சரக்கு மெட்ராஸ் துறைமுகத்துக்கு வந்துவிட்டது, சும்மா வைத்திருக்கக் கொஞ்ச நாள்தான் கொடுப்பார்கள், அதற்கப்புறம் வாடகை ஏறும் என்று மளமளவென்று சொல்லிக்கொண்டே போனார். முடிகிற வரைக்கும் கேட்டுக்கொண்டு நின்றேன், பிறகு அவர் இல்லைங்க என்றேன்.

அவர் பெயர் முத்துவேல், துறைமுகத்தில் சரக்கை எடுத்துக் கொடுக்கும் ஏஜென்ட். பாரிமுனையில் மாடியில் ஆபீஸ். விடியற்காலை பஸ் பிடித்துப் போனேன். அப்போதுதான் தெரிந்தது, வெளிநாட்டுச் சரக்கு எடுக்க இறக்குமதி கோடு என்று ஒரு நம்பர் வேண்டும், அதைக் கடை பேருக்குக் கொடுப்பதில்லை, முதலாளியின் பான் நம்பருக்குத்தான் கொடுக்கிறார்கள். முதலாளி போனால் கோடும் போச்சு. முத்துவேல் கெட்டவர் இல்லை, என்மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னார். "அம்மா, சார் செத்த விஷயம் ஊருக்குத் தெரியும், கஸ்டம்ஸுக்குத் தெரியாதுங்க. சார் கையெழுத்து ஒன்னு போட்டுக் குடுங்க, ஜல்தியா முடிச்சிடலாம். நேர் வழில போனா ரொம்ப பேஜாரு, மாசக்கணக்குல இழுத்துகினு போவும்" என்று தாளை நீட்டினார். இருபத்தெட்டு வருஷம் பார்த்த கையெழுத்து, எனக்கு வராதா. கடைசி எழுத்தை நீட்டி அடியில் ஒரு கோடு இழுப்பாரே, அதுகூட அப்படியே வந்தது. பக்கத்தில் அன்றைய தேதியும் போட்டேன். போட்டுவிட்டுப் பார்க்கிறேன், அந்தத் தாளில் அப்பா அன்றைக்கு இருக்கிறார். காலையில் எழுந்து, ஷேவ் பண்ணி, பாரிமுனைக்கு வந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதற்கு மேலே, இதில் சொன்னது எல்லாம் உண்மை என்று அச்சடித்திருந்தது.

முத்துவேல் கையை நீட்டிக்கொண்டே இருந்தார். நான் தாளை மடித்து என் பைக்குள் வைத்துக்கொண்டேன். பழைய மெஷினுக்குப் பெயின்ட் அடித்துப் புதுசு என்று விற்காத மனுஷன், அவர் பேரில் பொய் போக வேண்டாங்க என்றேன். அவர் அதை நம்பினார். உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன், அது பாதிதான் நிஜம். எனக்கு அந்தத் தாளை யார் கையிலும் கொடுக்க மனசு வரவில்லை. அது இப்போது என் பைபிளுக்குள் இருக்கிறது.

அப்புறம் நேர் வழி. அது வரைக்கும் சரக்கை வாடகை குறைந்த கஸ்டம்ஸ் கிடங்குக்கு மாற்றி வைக்க முத்துவேல் ஏற்பாடு செய்தார். இறப்புச் சான்றிதழ், தாலுகா ஆபீஸில் வாரிசுச் சான்றிதழ், என் பேரில் புதுக் கோடு, அந்தக் கோடோடு என் பேங்க் கணக்கைத் துறைமுகத்தில் பதிவது, கப்பல் ரசீதில் அப்பா பேரை எடுத்து என் பேரைப் போடச் சொல்லிச் சீனாவுக்கு மெயில். இன்னொரு வாரிசான நீ சம்மதம் எழுதி, அங்கே இந்தியத் தூதரகத்தில் கையெழுத்தைச் சரிபார்த்து அனுப்ப வேண்டும் என்றார்கள். அதைத்தான் பேங்குக்கு என்று உன்னிடம் பொய் சொல்லிக் கேட்டேன். நீயும் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் அனுப்பினாய். கவரைப் பிரித்துத் தாளை எடுத்த பிறகும், உள்ளே வேறு ஏதாவது எழுதி வைத்திருக்கிறாயா என்று கவருக்குள் கையை விட்டுத் துழாவினேன். உன்மேல் குற்றம் இல்லை, உனக்கு நைட் டியூட்டி. ஆனால் அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

எல்லாப் பேப்பரும் சேர்ந்து ஜூலையில் கஸ்டம்ஸுக்குப் போனால் அங்கே வேறு சிக்கல். கம்பெனிக்காரன் பில்லில் எல்லாவற்றையும் மொத்தமாகத் தோட்ட மெஷின் என்று எழுதிவிட்டான். தரையில் தள்ளுகிற மெஷினுக்கு ஒரு வகை எண், கையில் பிடித்துத் தோளில் மாட்டுகிற மெஷினுக்கு வேறு எண், எந்த எண்ணோ அதற்குத் தகுந்த வரி. பெட்டியை உடைத்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு பெண் அதிகாரி வந்தார். முத்துவேலுக்கு மெஷின் பேர்கூட ஒழுங்காகத் தெரியவில்லை. நான்தான் ஒவ்வொன்றாக எடுத்து, இது சக்கரத்தில் ஓடும், பிளேடு அடியில் படுக்கையாகச் சுற்றும், இதற்கு வார் இருக்கிறது, ஆள் தூக்கிக்கொண்டுதான் வெட்ட முடியும் என்று சொன்னேன். அந்தம்மா எழுதிக்கொண்டே, "இதெல்லாம் உங்களுக்கு யாருங்க சொல்லிக்குடுத்தாங்க?" என்று கேட்டார். கடையில் பில் போடுகிற நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருபது வருஷம் கேட்டதுங்க என்றேன். தப்பாக எழுதிய பில்லைத் திருத்தி, உரிய வரியும் வாடகையும் கட்டி எடுத்தோம். எவ்வளவு என்று கேட்காதே, இந்தச் சரக்கில் லாபம் இருக்காது, நஷ்டமும் பெரிதாக இல்லை.

மாப்பிள்ளையிடம் சொல், அந்த நாட்டுச் சட்டம் எனக்குத் தெரியாது, ஆனால் நான் இடறிய இடங்களை அவர் முதலிலேயே பார்த்துக்கொள்ளட்டும். ஆர்டர் கொடுப்பதற்கு முன்னாலேயே ஒவ்வொரு மெஷினுக்கும் எந்த எண், அதற்கு என்ன வரி என்று அங்கே கஸ்டம்ஸில் எழுத்தில் கேட்டு வாங்கட்டும், விற்கிறவன் சொல்வதை நம்ப வேண்டாம். வரி என்பது ஒன்று இல்லை, இங்கே அடிப்படை வரிக்கு மேல் ஒரு கூடுதல், அதையெல்லாம் சேர்த்து வரும் தொகைக்கு மேல் ஜிஎஸ்டி. அங்கேயும் அடுக்கடுக்காகத்தான் இருக்கும். பில்லில் ஒவ்வொரு மெஷினும் தனித்தனியாக, பெட்டியில் இருப்பது போலவே இருக்க வேண்டும். பேட்டரியில் ஓடுகிறது என்றால் அதற்குத் தனி அனுமதி உண்டா என்று விசாரிக்கட்டும். இன்னொன்று, கம்பெனியை உங்கள் இரண்டு பேர் பெயரிலும் பதிவு செய்யச் சொல். அம்மா என்ன இப்படி எழுதுகிறாள் என்று கோபப்படாதே.

போன வியாழக்கிழமை லாரி வந்தது. கடையில் இடம் பத்தாமல் பாதிப் பெட்டி வீட்டு ஹாலில் கூரை வரைக்கும் நிற்கிறது, நான் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் பாய் போட்டுப் படுக்கிறேன். இத்தனை நாள் வீடு காலியாகக் கிடந்ததற்கு இது தேவலாம். நேற்று ஒரு தள்ளு மெஷினைப் பிரித்து, புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து நானே பூட்டினேன். பெட்ரோல் ஊற்றிக் கயிற்றை இழுத்தால் நாலாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. எங்கே ஓட்டிப் பார்ப்பது, நம் தெருவில் ஏது புல். ஆட்டோவில் ஏற்றிக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டு போனேன். இந்த மழைக்கு அங்கே முழங்கால் உயரம் வளர்ந்து கிடக்கிறது, அப்பா பெயர்ப் பலகையே தெரியவில்லை. வாட்ச்மேன் பாலு ஓடி வந்து, "குடும்மா, நான் தள்றேன், நீங்க போயி நெழல்ல குந்துங்க" என்றார். விடவில்லை. முதலில் தள்ளவே முடியவில்லை, அப்புறம் பிளேடை உயர்த்தி ஒரு தடவை, தாழ்த்தி ஒரு தடவை என்று வெட்டினேன். அந்தச் சத்தத்தில் நான் அழுதது பாலுவுக்குக் கேட்டிருக்காது. அப்பாவைச் சுற்றிச் சுத்தமாக முடித்தேன், பக்கத்தில் எனக்கென்று சபையில் எழுதி வைத்திருக்கிற இடத்தையும் அதே மட்டத்துக்கு வெட்டினேன். பெட்ரோல் மீதி இருந்தது. அதனால் யாரும் வராத பழைய வரிசைகளையும், பேர் அழிந்து போனவர்களையும் சேர்த்து, அது தீர்கிற வரைக்கும் வெட்டிக்கொண்டே போனேன்.

கடையை விற்றுவிட்டு வந்துவிடு என்று நீ சொல்வது என்மேல் உள்ள பாசத்தில்தான். இப்போது வரமாட்டேன் கண்ணு. ஆண்டவர் உங்கள் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், உங்கள் கைகள் தொடுகிற வேலையை ஆசீர்வதிக்கட்டும். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் மறக்காமல் போடு. என்னைக் கூப்பிட்டால் போன் நாலு தடவை அடித்ததும் வைத்துவிடாதே, இன்னும் கொஞ்சம் அடிக்க விடு, இந்தப் பெட்டிகளைத் தாண்டி வர எனக்குக் கொஞ்சம் நேரம் ஆகும்.

இப்படிக்கு
உன் அம்மா,
சாரா சத்தியராஜ்.