பேச்சியக்காவைக் காட்டிக்கொடுத்தேனா, அம்மா?

என்னைப் பெத்த அம்மாவுக்கு,

உன் மகள் இப்போது காக்கி உடுத்தியிருக்கிறாள். சிறைத்துறையில் இரண்டாம் நிலைக் காவலர். ஆமத்தூரிலிருந்து பயிற்சிப் பள்ளிக்கு வந்து மாதங்கள் ஓடிவிட்டன. காலையில் ஓட்டம், பாரேடு, அப்புறம் வகுப்பு. பூட்டிய பூட்டை இழுத்துப் பார்ப்பது, ஆட்களைத் தலை எண்ணுவது, பார்க்க வரும் பெண்களின் கொண்டைக்குள் விரல் விட்டுச் சோதிப்பது எல்லாம் சொல்லித்தருகிறார்கள். கைதி என்று சொல்லக் கூடாதாம், சிறைவாசி என்றுதான் சொல்ல வேண்டுமாம்.

தம்பி கணேசன் ஆலங்குளத்தில் லாரி ஓட்டுகிறான். வேளைக்குச் சாப்பிடுகிறானா என்று கேட்பாய். சாப்பிடுகிறான்.

ஆனால் இதையெல்லாம் சொல்ல நான் எழுதவில்லை. கொஞ்ச நாளாகவே எனக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் நடக்கத் தோன்றுகிறது. சோற்றில் கை வைத்துவிட்டு எதையோ யோசித்துக்கொண்டிருக்கிறேன். உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும்.

செய்முறைப் பயிற்சிக்கு எங்களைப் பெண்கள் சிறைக்கு அனுப்பினார்கள். உதவி ஜெயிலர் அம்மா முதல் நாளே வரிசையில் நிற்க வைத்துச் சொன்னார்: "உள்ள தெரிஞ்ச முகத்தைப் பாத்தா உடனே எங்கிட்ட வந்து சொல்லணும். ஒருத்தருக்காக ஒரு சேதி வெளிய கொண்டுபோனீங்கன்னா, அப்புறம் சாவி உங்க கையில இல்ல, அவங்க கையில."

எனக்கு எங்கே தெரிந்த முகம் வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

தண்ணீர்த் தொட்டிப் பக்கம் விசாரணைக் கைதிகள் — பார், எனக்கே வாய் மாறுகிறது — வரிசையில் நின்றார்கள். அதில் ஒருவர் குடத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"ஏ செல்வி! நீதானா? உடுப்புல அடையாளமே தெரியலயே."

பேச்சியக்கா. வெம்பக்கோட்டைப் பட்டாசுக் கம்பெனியில் உன் பக்கத்து அறையில் வேலை பார்த்த பேச்சியக்கா. உன் அறை தீப்பிடித்துக்கொண்ட அன்று எல்லோரும் வேலியைப் பார்த்து ஓடியபோது, திரும்பி உள்ளே வந்து உன்னை வெளியே இழுத்துப் போட்டவர். ஆம்புலன்ஸில் உன் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தவர். அதற்குப் பிறகு அவர் கம்பெனி வாசலை மிதிக்கவில்லை. வீட்டுக்காரர் விட்டுப் போனதும், இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, லைசென்ஸ் இல்லாமல் வீட்டிலேயே சரவெடி பின்ன ஆரம்பித்தார். சீசன் நேரத்தில் ரெய்டு வந்து பிடித்துப் போய்விட்டார்கள்.

உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நான் காலெடுத்து வைப்பதற்குள் அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"செல்வி, நீ எனக்கு ஒண்ணு செய்யணும். போலீசு எல்லாத்தயும் எடுக்கல. வீட்டுக்குப் பின்னாடி தகரக் கொட்டாய் இருக்குல்ல, அங்கன ஒரு வாளி நெறைய வெடிக்குப் போடுற மணிமருந்து கெடக்கு. சாக்கைப் போட்டு மூடி வச்சிருக்கேன். பிள்ளைகளுக்குத் தெரியாது."

"பிள்ளைக எங்கக்கா இருக்காங்க?"

"வீட்டுலதான். அதான் எனக்குப் பகீருங்குது. சிலிண்டரு தீந்துபோச்சுன்னா பெரியவ கொட்டாயிலதான் வெறகு அடுப்பு மூட்டுவா. நீ உன் தம்பிகிட்ட ஒரு வார்த்த சொல்லு. கொண்டுபோயி கண்மாயில கரைச்சிட்டு வந்துரட்டும். யாருக்கும் தெரிய வேணாம். இன்னொரு கேஸ் விழுந்தா எனக்கு ஜாமீன் கெடைக்காது செல்வி."

அம்மா, கணேசனை நான் எப்படி அனுப்புவேன்? லாரி ஓட்டுகிறவனுக்கு அந்த மருந்தைப் பற்றி என்ன தெரியும்? வெயிலில் காய்ந்த தகரத்துக்கு அடியில் அத்தனை நாள் கிடந்த வாளியைத் தூக்கச் சொல்லி, உன் மகனையா அனுப்புவேன்? உன்னைக் கொண்டுபோனது அதே மருந்துதானே.

எங்கள் போன்கள் பயிற்சிப் பள்ளி அலமாரியில் பூட்டிக் கிடந்தன. சாயந்திரம்தான் தருவார்கள். அதற்குள் அந்தப் பிள்ளை அடுப்பு மூட்டிவிட்டால்? பேச்சியக்காவின் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டு நடந்தேன். கொஞ்சத் தூரம் போனதும் ஓடினேன். பின்னால் அவர், "தம்பிகிட்டதான சொல்லப்போற?" என்று கேட்டது காதில் விழுந்தது.

வாளி கிடப்பதைச் சொன்னதும் உதவி ஜெயிலர் அம்மா கேட்டார்: "இது யாரு சொன்னது?"

பெயரைச் சொல்லாமல் விட முடியுமா என்று ஒரு கணம் தவித்தேன். எந்த வீடு என்று சொன்னாலே யார் என்று தெரிந்துவிடுமே. சொன்னேன்.

அவர் அங்கேயே நின்று போன் செய்தார். ஸ்டேஷனிலிருந்து ஆள் போய், பிள்ளைகளையும் அக்கம்பக்கத்து ஆட்களையும் வெளியேற்றி, விஷயம் தெரிந்தவர்களை வரவழைத்து வாளியை எடுத்துப் போனார்கள். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. பேச்சியக்கா மேல் இன்னொரு வழக்கு விழுந்தது. கேட்டிருந்த ஜாமீன் கிடைக்கவில்லை.

மறுநாள் பாரேடில் என்னை முன்னால் அழைத்துப் பாராட்டினார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். உடம்பெல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. உடன் படிக்கும் சாந்தி, "நீ செஞ்சதுதான் சரிடி" என்றாள். பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் படுத்துக்கொண்டே, "அந்தம்மா உன்னை நம்பித்தானே சொல்லுச்சு" என்றாள். இரண்டு பேரும் சொல்வது எனக்குச் சரியாகத்தான் படுகிறது.

தெரிந்தவர் என்பதால் என்னை வேறு பிளாக்கிற்கு மாற்றினார்கள். போகும்முன் ஒருமுறை பேச்சியக்காவை எதிரில் பார்த்தேன். அவர் கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

"உங்க ஆத்தா இருந்தா இப்படிச் செஞ்சிருப்பாளா?"

அதைத்தான் அம்மா உன்னிடம் கேட்கிறேன். நீ இருந்தால் என்ன செய்திருப்பாய்? உன்னைத் தூக்கிய கைக்கு நீயே விலங்கு மாட்டியிருப்பாயா? இல்லை, யாருக்கும் சொல்லாமல் நீயே போய் அந்த வாளியைத் தூக்கியிருப்பாயா? நீ தூக்கியிருப்பாய். அதை நினைத்தால் உன் மேலும் எனக்குக் கோபம் வருகிறது.

போன வாரம் பேச்சியக்காவின் மூத்த மகள் மனுப் போட்டு அம்மாவைப் பார்க்க வந்திருந்தாள். வாசல் சோதனையில் நான்தான் நின்றேன். அவள் பையைப் பிரித்துப் பார்த்து, கூந்தலைத் தடவிப் பார்த்து, உள்ளே போகச் சொன்னேன். அவள் நகரவில்லை.

"அக்கா, நீங்கதான சொன்னது?"

தலையாட்டினேன்.

"அன்னிக்கி வெறகெல்லாம் கொட்டாயில அடுக்கிட்டேன்க்கா. தீப்பெட்டி எடுக்க வீட்டுக்குள்ள வந்தேன், போலீசு வந்து நிக்கி." கொஞ்சம் நின்று கேட்டாள்: "அம்மா தீவாளிக்கு வந்துருமாக்கா?"

வரிசையில் அடுத்த ஆள் வந்துவிட்டார்.

பார்த்துவிட்டுத் திரும்பும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "எல்லாத்தயும் சொன்னேன். அம்மா ரொம்ப அழுதுச்சு. ஆனா உங்க பேரை எடுத்தா பேச மாட்டேங்குது" என்றாள்.

பேச வேண்டாம். பிள்ளை உயிரோடு வந்து நிற்கிறாள், அது போதும் என்று எனக்கே சொல்லிப் பார்க்கிறேன். போதவில்லை அம்மா.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். பேச்சியக்கா வெளியே வந்ததும், உடுப்பு இல்லாமல், உன் மகளாக மட்டும் அவர் வாசலில் போய் நிற்பேன். திட்டினால் கேட்டுக்கொள்வேன். கதவைச் சாத்தினால் மறுபடியும் போவேன். மன்னிப்புக் கேட்க மாட்டேன். உன்னைத் தூக்கி வந்ததற்கு நாம் யாருமே அவரிடம் நன்றி சொல்லவில்லை. அதைச் சொல்லிவிட்டு வருவேன்.

உன் வயிற்றில் பிறந்த மூத்தவள்,
முத்துச்செல்வி