ஈசானியத்தில் முடியாத பந்தயம்

அன்பு மகள் தேவிப்ரியாவுக்கு, அடி அண்ணாமலையிலிருந்து உன் அப்பா தன் கையாலேயே எழுதுவது. இங்கே கால் இரண்டைத் தவிர மற்றபடி நான் நலம். அங்கே அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். போனில் பேசலாம்தான், ஆனால் போனில் நீ அழுகிறாய், உன் தம்பி கோபிக்கிறான், நான் வாயைத் திறப்பதற்குள் பேச்சு முடிந்துவிடுகிறது. கடிதம் என்றால் முடியும்வரை யாரும் குறுக்கே பேச முடியாது, எழுத்துக் கற்றுக்கொண்டதில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் இதுதான். மெதுவாகத்தான் வருகிறது. நேற்று பாதி எழுதினேன், கண் எரிந்தது, படுத்துவிட்டேன். இன்று மீதி. இந்த ‘ழ’ மட்டும் இன்னும் எனக்கு வளைந்து கொடுக்கவில்லை.

பந்தயம் என்று நீதான் ஆரம்பித்தாய். அவரவர் ஊரில் அவரவர் தனியாக ஓட வேண்டும், எல்லோருடைய புள்ளியும் போனில் நகரும், அப்பா நடந்தாலே போதும் என்றாய். என் நடைக்கு ஈடாக என்னை முதலில் விட்டு, அயர்லாந்தில் நீயும் மாப்பிள்ளையும், ஓசூரில் தம்பியும் ஒரு மணி நேரம் கழித்துக் கிளம்புவதாகப் பேச்சு. ஐந்து கிலோமீட்டரை முடித்துவிட்டால் அம்மா இல்லாத இந்த வீட்டில் நான் தனியாகவே இருந்துகொள்ளலாம், முடிக்காவிட்டால் ஓசூருக்குப் போய்த் தம்பி வீட்டோடு இருந்துவிட வேண்டும் என்றும் நீதான் சொன்னாய். நானும் சரி என்றேன். மாப்பிள்ளை வேறு “மாமா, நடுவுல ஆட்டோல ஏறிடாதீங்க, புள்ளி பறந்தா இங்க தெரிஞ்சிடும்”னு கிண்டல் செய்தார். நீ அனுப்பிய ஷூவைப் போடவில்லை, மலை சுற்றும் சாலையில் ஷூ போட்டுக்கொண்டு எப்படி நடப்பேன்? எனக்கு எழுத்துச் சொல்லித்தரும் அங்கன்வாடி ரேவதிதான் போனில் பந்தயத்தை அழுத்திச் சட்டைப் பையில் போட்டு, “போனைத் தொட்டுடாதீங்க பெரியப்பா, பந்தயம் நின்னுடும்” என்று அனுப்பிவைத்தாள்.

வெயில் தாழ்ந்து கிளம்பினேன். ஈசானிய லிங்கத்தைத் தாண்டியதும் போன் ஆங்கிலத்தில் ஏதோ பேசியது, வாழ்த்தியதா திட்டியதா தெரியவில்லை. ஐந்து முடிந்திருக்கும் என்று எனக்கும் தோன்றியது. ஆனால் தேவி, மலையை வலப்பக்கம் வைத்து நடக்கத் தொடங்கியவன் ஈசானியத்தோடு எப்படித் திரும்புவான்? திரும்பினால் மலை இடப்பக்கம் வந்துவிடும். இங்கேயே பிறந்து வளர்ந்த நீ ஐந்து கிலோமீட்டர் என்று சொல்லும்போதே இதை யோசித்திருக்க வேண்டும். பஸ் ஏறலாம் என்றால் மாப்பிள்ளை சொன்ன புள்ளி நினைவுக்கு வந்தது. சரி, முழுச் சுற்றும் சுற்றியே வீட்டுக்குப் போவோம் என்று நடந்தேன். பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது, தொடவில்லை. நீங்கள் எல்லோரும் உற்சாகத்தில் கூப்பிடுகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

வழியெல்லாம் பலகை படித்தேன். இத்தனை வருடம் அந்தச் சாலையில் போயிருக்கிறேன், அன்றுதான் அது என்னோடு பேசியது. எம லிங்கத்தின் பெயரையும் எழுத்துக் கூட்டிப் படித்து, கொஞ்சம் பொறுங்கள் சாமி, பந்தயத்தில் இருக்கிறேன் என்று கும்பிட்டு நகர்ந்தேன். நிருதி லிங்கத்துக்கிட்டே முட்டி மடங்கிவிட்டது. சுக்குக் காப்பி விற்கும் பாஞ்சாலையின் தள்ளுவண்டி ஓரம் உட்கார்ந்தேன். “இன்னா பெரியவரே, பௌர்ணமிக்கு இன்னும் நாள் கீதே, அதுக்குள்ள இன்னா அவசரம்?”னு கேட்டாள். பந்தயத்தில் நடக்கிறேன் என்றேன். அவள் சாலையில் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, “யார்கூட? உங்களுக்கு முன்னாலயும் ஆளில்ல, பின்னாலயும் ஆளில்ல”னு சிரித்தாள். என் மகளோடு, அவள் அயர்லாந்தில் ஓடுகிறாள் என்றேன். “அடப்பாவமே, அவ்ளோ தூரம் முன்னால போயிட்டாளா?” என்றாள். எனக்கும் சிரிப்பு வந்தது. காப்பியைக் குடித்து முடித்தபோது சிரிப்பு இல்லை.

வீடு சேரும்போது நன்றாக இருட்டிவிட்டது. கால் கழுவிவிட்டுப் படுத்தவன் எழவில்லை. ஓசூரிலிருந்து பைக்கிலேயே வந்து நின்ற தம்பி, “இன்னாப்பா நீ, வழி தெரியாம எங்க சுத்தினு இருந்த, போனையும் எடுக்கல, அக்கா அங்க அழுவுது”னு கத்தினான். நீ போனில், அப்பாவுக்கு ஞாபகம் தவறுகிறது, இனித் தனியாக விடக்கூடாது, உடனே கூட்டிக்கொண்டு போ என்று அவனிடம் சொன்னது எனக்கும் கேட்டது. நான் வழி தவறவில்லை தேவி. இந்த மலையைச் சுற்றும் சாலையில் வழி தவறுவதற்கு ஏது இடம்? போனை எடுக்காதது என் தப்புதான், இனி எப்போது அடித்தாலும் எடுப்பேன். பாதம் முழுக்கக் கொப்புளம், இடுப்பு பிடித்துக்கொண்டது, கஞ்சி வைக்கக்கூட நிற்க முடியவில்லை, தம்பி வேலைக்குத் திரும்பிவிட்டதால் ரேவதிதான் கொண்டுவந்து தருகிறாள். முழுச் சுற்று இனி என் உடம்புக்கு ஆகாது. இதை யாரும் சொல்ல வேண்டாம், நானே எழுதிவிடுகிறேன். பொங்கலுக்கு ஓசூர் போய்ப் பேத்தியோடு சில நாள் இருந்துவிட்டு வருகிறேன். ஞாபகம் தவறிய கிழவன் என்று கூட்டிப் போனால் மட்டும் வரமாட்டேன்.

இன்று காலை ரேவதி போனைப் பார்த்துச் சொன்னாள். என் புள்ளி ஐந்தைத் தாண்டிப் போவதைக் கண்டதும் நீ மூன்றாவது கிலோமீட்டரிலேயே நின்றுவிட்டாயாம், மாப்பிள்ளையும் உன்னோடு நின்றுவிட்டாராம், தம்பி அந்த மூன்றைக்கூடத் தொடாமல் ஓட்டத்தை விட்டுவிட்டுப் பைக்கை எடுத்துவிட்டான். அப்படியானால் முடித்தவன் நான் ஒருவன்தான். முடிக்காதவர் வீட்டை விட்டுக் கிளம்பி வர வேண்டும் என்பது நீ வைத்த பேச்சு. நான் பேச்சு மாறவில்லை, நீயும் மாறாதே. லீவு கிடைக்கிறபோது புறப்பட்டு வா.

எல்லாச் சுகமும் பெற்று, கண்கலங்காமல், மாப்பிள்ளையோடு நீ நன்றாக இருக்க அண்ணாமலையார் துணை இருப்பார். ராத்திரி வேலைக்குப் போகும்போது சாப்பிடாமல் போகாதே. வருகிற நாளை முன்கூட்டியே சொல், வீட்டுக்கு வெள்ளை அடிக்க வேண்டும்.

இப்படிக்கு,
வீட்டில் இருக்கும் உன் அப்பா
காசி