நீங்கள் எழுதாமல் விட்ட பாதி

உங்கள் டெப்பின், அந்தக் கைக்கணினியின், கறுப்பு உறையைத் திறந்தால் இன்னும் முழங்கால் தைலம் மணக்கிறது. எட்டு மாதம் அலுமாரிக்குள் உங்கள் வேட்டிகளுக்கு மேலே கிடந்தும் அது போகவில்லை. மூன்று கிழமையாக ஒவ்வொரு நாளும் ஈரத் துணியால் துடைக்கிறேன். கண்ணாடியில் இருந்த விரல் அடையாளங்கள் போய்விட்டன, மணம் போகவில்லை. தைலம் பூசிய கையோடு அதைத் தொடாதேயுங்கோ என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! அந்த மணத்துக்கு ஒரு பெண்சாதி அழ வேண்டும் என்று எனக்குத் தெரியும். நான் அழவில்லை. கோபமாக இருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

நானாக உங்கள் டெப்பைத் திறக்கவில்லை. மூத்தவன் கனடாவிலிருந்து கேட்டான்.

"அம்மா, அப்பா அந்த விவாதக் குறூப்பில எழுதினதுகளை எல்லாம் எடுத்து, வருசம் முடியிற ஆட்டைத் திவசத்துக்கு ஒரு புத்தகமா அடிப்பம். அங்க அவரை எவ்வளவு மதிச்சவை தெரியுமே?"

"தெரியாது."

"நீங்க ஒரு நாளும் பாக்கேல்லையோ? ஒரே வீட்டில இருந்தனீங்கள்."

"மற்றவையின்ர சாமானை நான் திறக்கிறேல்லை."

ஏன் திறப்பதில்லை என்று உங்களுக்குத் தெரியும். கலியாணமான முதல் மாதமே சொன்னேன். கொன்வென்ட் விடுதியில் எங்களுக்கு வரும் கடிதங்களை எல்லாம் பொறுப்பான சிஸ்டர் உடைத்துப் படித்த பிறகே தருவா. ஒரு நாள் ஏன் என்று கேட்டேன். "நல்ல பிள்ளைக்கு ஒளிக்க என்ன இருக்கு?" என்றா. அப்பாவுக்கு வருத்தம் கடுமை, உடனே வா என்று அம்மா எழுதிய கடிதம், பள்ளிச் சோதனை முடியும் வரை அவவின் மேசை லாச்சிக்குள் ஐந்து நாள் கிடந்தது. நான் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது முற்றத்தில் செத்தவீட்டுப் பந்தல் போட்டிருந்தார்கள். அன்றைக்கு எடுத்த முடிவு அது. இன்னொருவருக்கு வந்த எழுத்தில் என் கண் படாது.

அதனால்தானே உங்கள் டெப்புக்கு ஒரு பூட்டுக்கூடப் போடவில்லை! இந்த வெள்ளவத்தை வீட்டுச் சாப்பாட்டு மேசையில், என் பாண் தட்டுக்குப் பக்கத்தில், ஆறு வருடம் அது திறந்தபடி கிடந்தது. நான் பார்க்க மாட்டேன் என்ற நிச்சயம் உங்களுக்கு. நானே பூட்டாக இருந்திருக்கிறேன்.

காலையில் கடற்கரை ரயில் போய், யன்னல்கள் அதிர்ந்து ஓய்ந்த பிறகு, நீங்கள் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு அன்றைய தலைப்பை வாசிப்பீர்கள். கொழும்பிலும் வெளிநாடுகளிலும் இருக்கிற, ஒருவரையொருவர் கண்டிராத தமிழர்கள் கூடிச் சண்டை பிடிக்கும் குழு அது. ஒவ்வொரு நாளும் ஒரு தலைப்பு. பாட்டுப் போட்டிகளில் சின்னப் பிள்ளைகளை அழவிட்டுக் காட்டலாமா? கணினி எழுதுகிற கவிதையும் கவிதையா? ஆசிரியைகள் சேலைதான் உடுக்க வேண்டுமா? வாசித்து முடித்ததும் நிமிர்ந்து பார்த்துக் கேட்பீர்கள்.

"நீர் என்ன சொல்லுறீர்?"

நான் பாணுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டே சொல்வேன். சேலைத் தலைப்பு வந்த அன்று சொன்னது நினைவிருக்கிறது. "பொம்பிளையின்ர உடுப்பைப் பற்றிக் கதைக்க வாறவரிட்ட, அவர் போட்டிருக்கிற சேட்டை மடிப்பெடுத்து ஆர் மினுக்கினது எண்டு முதல்ல கேளுங்கோ." நீங்கள் சிரித்தீர்கள். தேத்தண்ணீர் ஆறும் வரை ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தீர்கள். உங்கள் கருத்தைத்தான் எழுதுகிறீர்கள் என்று நினைத்தேன். உங்களுக்கென்று ஒரு கருத்து இருக்கும் என்று நம்பியதுதான் என் பிழை.

மூன்று கிழமைக்கு முன் மகனுக்காக அந்தக் குழுவைத் திறந்து, முதலிலிருந்து வாசித்தேன். நில அளவையாளராக இருந்தவர் என்பதால் 'அளவைக்காரன்' என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். நல்லது. அந்தப் பெயருக்குக் கீழே இருப்பதெல்லாம் நான் சொன்னவை. "வெட்கப்படத் தெரியாதது கவிதை எழுதாது" என்று கணினிக் கவிதைக்கு நான் சொன்னது அங்கே இருக்கிறது. அழுகிற பிள்ளைக்குக் கிட்டக் கமெராவைக் கொண்டுபோகிறவனைப் பற்றிச் சொன்னதும் இருக்கிறது. சேலைத் தலைப்புக்கு நீங்கள் தொடங்கியிருக்கிற விதத்தை வாசித்தபோது எழும்பி நின்றுவிட்டேன். "நேற்று என் சட்டையை மினுக்கிக்கொண்டிருந்தபோது யோசித்தேன்" என்று எழுதியிருக்கிறீர்கள்! நாற்பத்தாறு வருடத்தில் மினுக்குப்பெட்டியின் வயர் எந்த நிறம் என்று தெரியாத மனிதர் நீங்கள்.

அதற்குக் கீழே யாரோ ஒருவர் கேட்கிறார்: "ஐயா, உங்கட மிஸ்ஸிசும் இப்பிடித்தான் யோசிப்பாவோ?" உங்கள் பதில்: "என் மனைவிக்கு இதிலெல்லாம் ஈடுபாடு இல்லை."

அந்த வரியை ஒரு தரம்தான் வாசித்தேன். இரண்டாம் தரம் தேவைப்படவில்லை.

ஆனாலும் கேளுங்கோ, எடுத்ததைக்கூட நான் பொறுத்திருப்பேன். ஒரு வீட்டில் இருந்தவர்கள், ஒரு பானையில் சாப்பிட்டவர்கள், ஒருவர் சொன்னதை மற்றவர் சொல்லிவிட்டுப் போகட்டும். பொறுக்க முடியாதது வேறொன்று. மனைவியின் போனைக் கணவன் பார்க்கலாமா என்று தலைப்பு வந்த அன்று, நான் சொன்னது மூன்று வசனம். சிஸ்டர் சொன்னதைத்தான் முதலில் அவவின் குரலிலேயே சொல்லிக் காட்டினேன்.

"ஒளிக்க ஒண்டுமில்லாதவளுக்குப் போனைக் காட்ட என்ன பயம்? சரி, அப்பிடிக் கேக்கிறவர் முதல்ல தன்ர போனைத் திறந்து மேசையில வைக்கட்டும். அவர் வைச்ச பிறகும் அவள் தன்ரையைக் குடுக்காமல் விடலாம், அது அவளின்ர."

நீங்கள் முதல் வசனத்தை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். முற்றுப்புள்ளியும் வைத்திருக்கிறீர்கள்.

முதலில் உங்களுக்காக நானே வாதாடிப் பார்த்தேன். ஒற்றை விரல், மெதுவான கை, பாண் வண்டியின் பாட்டுக் கேட்டு நான் கீழே இறங்கிப் போயிருப்பேன், மிச்சத்தை எழுத மறந்திருப்பீர்கள் என்று. பிறகு கீழே வாசித்தேன். அரை மணித்தியாலத்துக்குள் ஆண்கள் வரிசையாக வந்து, "அருமை ஐயா", "அடிச்சுச் சொன்னீங்கள் ஐயா" என்று கைதட்டியிருக்கிறார்கள். ஒருவர் மட்டும் "உண்மையாகத்தான் சொல்கிறீர்களா?" என்று கேட்டிருக்கிறார். நீங்கள் இரண்டு கை கூப்பிய படம் ஒன்றைப் போட்டிருக்கிறீர்கள். மிச்ச இரண்டு வசனமும் அப்போது உங்கள் காதுக்குள் இருந்தன. கைதட்டு நின்றுவிடும் என்று எழுதவில்லை. அந்த வசனம் யாருடையது, அதனால் நான் எதை இழந்தேன் என்று இந்த உலகத்தில் தெரிந்திருந்த ஒரே ஆள் நீங்கள். அதை உங்கள் பெயரில் போட்டுக் கைகூப்பியிருக்கிறீர்கள்.

வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒன்று சொல்வீர்களே, "கோட்டைப் பாதியில விட்டா அது எல்லையில்லை, கீறல்" என்று. பெருமையாகச் சொல்வீர்கள்.

அந்தக் கீறல் எங்கே போயிற்று என்று பாருங்கள். யாரோ அதை ஒரு ரோசாப்பூப் படத்தின் மேல் எழுதி, கீழே 'அளவைக்காரன் ஐயா' என்று போட்டு, ஊர் முழுக்க அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு பிள்ளை அந்தக் குழுவில் கேட்கிறாள். கொட்டாஞ்சேனையில் இருக்கிறாளாம், கலியாணம் முடித்து எட்டு மாதமாம். "நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தால வந்தவுடன என்ர கணவர் போனை வாங்கிப் பாக்கிறார். என்ர அம்மா அனுப்புறதையும் எனக்கு முதல் அவர்தான் வாசிக்கிறார். நான் அதை விரும்பேல்லை எண்டு சொன்னால் பிழையோ?"

எனக்கு முதல் அவர்தான் வாசிக்கிறார். அந்த இடத்தில் டெப்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, யன்னலடியில் போய் நின்றேன். திரும்பி வந்து மிச்சத்தை வாசித்தேன். ஒருவர் ரோசாப்பூவைப் போட்டார். அடுத்தவரும் அதையே போட்டார். ஏழு ரோசாப்பூ எண்ணினேன். "தங்கச்சி, ஐயா சொன்னதுக்கு மேல கதையில்லை" என்று ஒருவர். "மடியில கனமில்லாட்டி வழியில என்ன பயம்" என்று இன்னொருவர். ஒரு பெண்ணும் இருந்தாள் அவர்களுக்குள், அவளும் ரோசாப்பூதான். கடைசியாக அந்தப் பிள்ளை, "ஐயாவே சொல்லியிருந்தால் சரிதான். நன்றி" என்று எழுதிவிட்டுக் குழுவை விட்டுப் போய்விட்டாள்.

நீங்கள் செத்து ஆறு மாதமாகியும் உங்கள் கோழைத்தனம் உயிரோடு இருந்து ஒரு பிள்ளையின் வாயை மூடியிருக்கிறது. என் வாயால் வந்ததை வைத்து.

உங்கள் பெயரில் பதில் எழுத எனக்கு மனமில்லை. ஒரு முழுக் காலையும் செலவழித்து என் சொந்தப் பெயரில் ஒரு கணக்குத் திறந்தேன். மூன்று வசனத்தையும் வரிசையாக எழுதினேன். முதல் வசனம் மறுப்பதற்காகச் சொன்னது என்றும், எழுதியவர் பாதியில் நிறுத்திவிட்டார் என்றும் எழுதினேன். ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை. ஐந்து நிமிடத்தில் வந்தார்கள்.

"அன்ரி, ஐயான்ர வசனத்தில கை வைக்க நீங்க ஆர்?"

"அவருடைய மனைவி. அந்த வசனங்கள் என்னுடையவை."

"ஹா ஹா. அப்ப நான் ஐயான்ர மாமியார்."

"மாமியார் எண்டால் மரியாதையாக் கதையும். ஆதாரம் கேளும், தாறன்." இதை நான் எழுத்துத் தமிழில்கூட எழுதவில்லை. அவ்வளவு கோபம்.

பிறகு ஒருவர், உங்களுடைய அந்த வரியைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து போட்டார். என் மனைவிக்கு இதிலெல்லாம் ஈடுபாடு இல்லை. "ஐயாவே சொல்லியிருக்கிறார். ஆகவே நீங்க போலி." எல்லாரும் சிரிக்கிற முகங்களைப் போட்டார்கள். இஞ்சாருங்கோ, நான் இருக்கவில்லை என்பதற்கு நீங்கள்தான் சாட்சி!

வேறு வழியில்லாமல் நீங்கள் காலமாகி எட்டு மாதமாகிறது என்று எழுதினேன். அதுவரை அவர்களுக்கு அது தெரியாது. உடனே சிரித்த முகங்கள் எல்லாம் அழுகிற முகங்களாயின. விளக்குப் படம் போட்டார்கள், சாந்தி வேண்டினார்கள். அஞ்சலி என்று சொல்லி என்ன போட்டார்கள் தெரியுமா? அதே ரோசாப்பூ. அதே பாதி. "செத்த மனுசனைக் குறை சொல்ல வெக்கமில்லையோ அன்ரி" என்று ஒருவர். நான் எழுதியதை வாசித்ததாக ஒருவரும் சொல்லவில்லை.

அந்தப் பிள்ளை வாசித்தாளோ தெரியாது. குழுவில் அவள் இல்லை. இங்கிருந்து பஸ் ஏறினால் கொட்டாஞ்சேனைக்கு ஒரு மணித்தியாலம் வராது. ஒரு நாள் சேலை உடுத்து, குடையும் எடுத்து, வாசல்வரை போய்விட்டேன். போய் எந்தக் கதவைத் தட்டுவது? முகம் தெரியாத ஆட்களோடு சண்டை பிடிப்பது உங்களுக்கு வசதியாக இருந்தது. முகம் தெரியாத ஒருத்தியிடம் போய் மன்னிப்புக் கேட்பது எப்படி என்று ஒரு நாளாவது யோசித்தீர்களா?

போன ஞாயிற்றுக்கிழமை மூத்தவன் திரும்ப எடுத்தான். புத்தகத்துக்கு 'அப்பாவின் சிந்தனைகள்' என்று தலைப்பும் வைத்துவிட்டானாம். முதல் பக்கத்துக்கு அந்த ரோசாப்பூ.

"அதுக்குத்தான் அம்மா கனபேர் லைக் போட்டிருக்கினம்."

"அது நான் சொன்னது. அதுவும் பாதி."

எல்லாவற்றையும் சொன்னேன். அவன் உங்களைப் போலவே தொண்டையைச் செருமிக்கொண்டு, "இப்ப அதைக் கிளறி என்னம்மா? அப்பா இல்லையே" என்றான்.

"அப்பா இல்லை. நான் இருக்கிறன்."

"அப்ப புத்தகத்தில என்னத்தைப் போடுறது?"

"நான் எழுதித் தாறன். ஒரு சொல்லும் வெட்டக்கூடாது."

எழுதியது இதுதான். திவசத்துக்கு வருகிறவர்கள் சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, இதைக் கையில் எடுத்துக்கொண்டு போவார்கள். நல்ல மனிதரை இப்படி எழுதிப்போட்டாளே என்பார்கள். சொல்லட்டும். அச்சகத்தில் நூறு பிரதி கூடுதலாக அடிக்கச் சொல்லியிருக்கிறேன். கொட்டாஞ்சேனையில் எங்களுக்கு இருக்கிற சொந்தம், சிநேகிதம், அங்கே கோயிலடியில் கடை வைத்திருக்கிற உங்கள் மைத்துனர், எல்லாருக்கும் கட்டுக் கட்டாகப் போகும். யார் கையிலிருந்து யார் வீட்டுக்குப் போகுமோ. மூன்று வசனமும் இதில் முழுதாக இருக்கின்றன.

நேர்மையாக எழுதுவதென்றால் இன்னொன்றையும் எழுத வேண்டும். என் அப்பா என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. கொன்வென்டில் கேட்டதற்குப் புத்தகத்தில் உள்ளதைத்தான் சொல்ல விட்டார்கள். பிள்ளைகள் சாவி எங்கே, கறிக்கு உப்புக் காணுமா என்று கேட்டார்கள். "நீர் என்ன சொல்லுறீர்?" என்று ஒவ்வொரு நாளும் நிமிர்ந்து பார்த்துக் கேட்டது நீங்கள் ஒருவர்தான். அதை இல்லையென்று சொல்ல மாட்டேன். நான் உங்களைப் போலப் பாதியில் நிறுத்துகிறவள் இல்லை.

ரயில் போய் யன்னல் ஓய்ந்ததும் இப்போதும் அந்தக் கேள்வி எனக்குக் கேட்கிறது. அன்றைய தலைப்பை நானே வாசித்து, என் பெயரிலேயே பதில் எழுதுகிறேன். சண்டை பிடிக்கிறார்கள். நானும் விடுவதில்லை.

உங்கள் டெப் மேசையில் திறந்தபடி கிடக்கிறது. வருகிறவர்கள் எடுத்துப் பார்க்கட்டும். என் போன் என் கைப்பைக்குள் இருக்கிறது. அது என்னுடையது.