குரு உடைத்த ரேடியேட்டர் கழுத்து

1997

அக்டோபர் 9, வியாழன்

தம்பி குருபிரசாத் காலையில் சென்னையிலிருந்து வந்துவிட்டான். பூஜை விடுமுறைக்கு நான்கு நாள். அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

அப்பாவுக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான் கணக்கு. காபி, மோர், ரசம் எல்லாம் அதற்குள்தான். சிறுநீரகம் போன மனிதருக்கு அதற்கு மேல் ஒரு வாய் தண்ணீரும் நுரையீரலில் ஏறும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் அளந்து கொடுக்கிறேன். குரு வந்த ஒரு மணி நேரத்தில், "பாவம் அக்கா, இன்னொரு டம்ளர் குடிக்கட்டுமே" என்றான். அப்பா குடித்தார்.

அவன் நல்லவன். நான் பொல்லாதவள். நாலு நாள்தானே.

அக்டோபர் 12, ஞாயிறு

நேற்று டயாலிசிஸ் முடித்து அப்பாவை நான் வீட்டுக்குக் கொண்டுவந்ததும், குலசேகரன்பட்டினம் தசராவுக்கு சிநேகிதர்களோடு நம் பியட் காரை எடுத்துக்கொண்டு போன குரு, இன்று மத்தியானம்தான் வந்தான். சாயங்காலம் ரயிலுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, "ரேடியேட்டர்ல தண்ணி ரொப்பிட்டேன் அக்கா. நீ மூடியைத் தொறக்க வேண்டாம்" என்றான். அதிசயமாகப் பொறுப்பு வந்திருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். பயம் இல்லை. கோபம்.

வழக்கம்போல் ஆறரைக்கு ஸ்ரீவைகுண்டத்திலிருந்து கிளம்பினோம். எட்டு மணிக்கு அப்பாவை டயாலிசிஸ் மெஷினில் போட வேண்டும். கருங்குளம் தாண்டியதும் சூட்டு முள் விறுவிறுவென்று ஏறியது. ஓரங்கட்டுவதற்குள் முன்னால் 'டப்' என்று ஒரு சத்தம். கண்ணாடி முழுக்க ஆவி. பானெட்டைத் தூக்கினால், ரேடியேட்டரின் கழுத்து — தண்ணீர் ஊற்றும் வாய், மூடி உட்காரும் இடம் — அப்படியே பெயர்ந்து, மூடியோடு ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அதைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஏதோ பசையை அப்பியிருந்தது. அதற்கு மேல் கம்பி. கம்பிக்குள் ஒரு துணி. அந்தத் துணி எனக்குத் தெரியும். குருவின் கைக்குட்டை.

திறக்க வேண்டாம் அக்கா. திறக்க வேண்டாம்!

எத்தனையோ வண்டிகள் போயின. முக்கால் மணி நேரம் ஒன்றும் நிற்கவில்லை. அப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. கடைசியில் ஒரு மீன் வண்டிதான் நின்றது. ஓட்டுநர் பவுல்ராஜ், மணப்பாட்டுக்காரர். "ஐயாவுக்கு மூச்சு முட்டுதுல்லா, ஏறுங்கம்மா. மீன் வாடை அடிக்கும். பொறுத்துக்கிடுங்க" என்று அப்பாவை இரண்டு கையாலும் தூக்கி உட்கார வைத்தார். வெங்காயம்கூடச் சேர்க்காத என் அப்பா பட்டாபி, ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர், ஐஸ் தண்ணீர் சொட்டும் பெட்டிகளுக்கு முன்னால் வாயைத் திறந்துகொண்டு மூச்சுக்குத் தவித்தார். பவுல்ராஜ் ஆஸ்பத்திரி வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, நான் நன்றி சொல்லி முடிப்பதற்குள் போய்விட்டார்.

மெஷினை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். மூன்று மணிக்குத்தான் அடுத்தது. அதுவரை ஆக்ஸிஜன். உதடெல்லாம் நீலம். "இன்னும் ஒரு மணி நேரம் தாமதமாகியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு தெரியுமா?" என்று நர்ஸ் என்னைத்தான் கேட்டாள். என்னை!

அக்டோபர் 15, புதன்

அப்பாவைப் பஸ்ஸில் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். எஸ்.டி.டி. பூத்திலிருந்து குருவின் ஆபீசுக்குப் போன் போட்டேன்.

"ரேடியேட்டர் கழுத்தை உடைச்சியா?"

"உடைக்கலை அக்கா. மூடி இறுகிப்போச்சு, குறடு வச்சுத் திருகினேன். லேசா விட்டுப்போச்சு. பசை வச்சா புடிச்சுக்கும்னு நெனச்சேன்."

"ஏண்டா சொல்லலை?"

"சொன்னா நீ கத்துவே."

நான் கத்தினேன். பூத்துக்குள் நின்று, கண்ணாடிக்கு வெளியே நாலு பேர் பார்க்க, என் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருத்தியின் அம்மா பார்க்க, கத்தினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அந்த ஓட்டை வண்டியை வித்துட்டு டாக்ஸி வச்சுக்கோயேன்" என்கிறான். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டானா? கேட்டான். ரிசீவரை வைக்கப் போகும்போது.

அக்டோபர் 16, வியாழன்

வண்டியைக் கட்டி இழுத்து வந்தாயிற்று. மெக்கானிக் ஐயம்பெருமாள் எட்டிப் பார்த்துவிட்டு, "வீட்ல ஆம்பளையாளு யாரையாது வரச் சொல்லுங்க டீச்சர். அவுகளுக்குச் சொன்னா வெளங்கும்" என்றார்.

"இந்த வண்டிய ஓட்டுறது நான். எனக்குச் சொல்லுங்க."

"கழுத்துப் போச்சுன்னா ரேடியேட்டரையே மாத்தணும். வேற வழி கெடையாது."

கழுத்து மட்டும்தானே போயிருக்கிறது, அதை மட்டும் ஏன் மாற்றக் கூடாது? கேட்டதற்குச் சிரிப்புதான். ரேடியேட்டரைக் கழற்றி மட்டும் கொடுங்கள் என்றேன். அதற்கும் ஒரு சிரிப்பு. கழற்றும் வரை பக்கத்திலேயே நின்றேன். எந்தத் திருகாணி எங்கே என்று ஒரு தாளில் படம் போட்டு வைத்துக்கொண்டேன். இருபது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவளுக்கு நாலு ஆணி விளங்காதா?

அக்டோபர் 18, சனி

அப்பாவுக்கு டயாலிசிஸ் நாள். ஒரு கையில் அப்பா, இன்னொரு கையில் சாக்கில் கட்டிய ரேடியேட்டர். கண்டக்டர் சாக்கைப் பார்த்து முனகினார். நான் பார்த்த பார்வையில் பேசாமல் போய்விட்டார்.

அப்பாவை மெஷினில் விட்டுவிட்டு மேலப்பாளையம் போனேன். ரேடியேட்டர் வேலை செய்யும் அசன் மைதீன் அண்ணாச்சியின் கடையை விசாரித்துக் கண்டுபிடித்தேன். ஆம்பளை எங்கே என்று அவர் கேட்கவில்லை. சாக்கைப் பிரித்து, பசையைச் சுரண்டி, விரலால் தடவிப் பார்த்தார்.

"தண்ணி கொதிச்சுக்கிட்டு இருக்கைல குறடு போட்டுத் திருகியிருக்காக. அப்பமே பத்தவச்ச ஈயம் விட்டுப்போச்சு. மேல மாவ அப்பி மறைச்சிருக்காக."

"ரேடியேட்டரையே மாத்தணும்னு சொன்னாங்களே?"

"எதுக்கு மாத்தணும்? கழுத்து மட்டும் மாத்துனாப் போதும். அன்னைக்கே கொண்டாந்திருந்தா அரை மணி நேரத்து வேலைம்மா."

அரை மணி நேரம். நான் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம்.

ஊதுவிளக்கின் நெருப்பைக் காட்டினார். பழைய ஈயம் உருகி வடிய, முறிந்த கழுத்து தனியாகக் கையோடு வந்தது. அந்த இடத்தைப் பித்தளை பளபளக்கும் வரை சுரண்டினார். குவியலிலிருந்து இன்னொரு பழைய பியட் ரேடியேட்டரைத் தேடி எடுத்து, அதன் கழுத்தைப் பிரித்து, உட்கார வைத்துப் பார்த்தார். ஆசிட் தடவி, சுற்றிலும் ஈயம் ஓட விட்டார். ஆறியதும் ரேடியேட்டரின் வாய்களை அடைத்து, காற்றேற்றி, தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கினார். நூல் மாதிரி ஒரு குமிழி வரிசை மேலே வந்தது. நானே கவனித்திருக்க மாட்டேன்.

"இந்தா, இங்கன விடுது பாத்தீகளா? இதோட அனுப்புனா நாலு நாளு ஓடும். பொறவு நடுரோட்டுல நிக்கும்." அந்த இடத்தை மறுபடி சூடாக்கி முதலிலிருந்து பற்றவைத்தார். இரண்டாம் தடவை தண்ணீர் அசையவில்லை.

"யாரும்மா திருகுனது? டிரைவரா?"

"தம்பி."

அவர் தலையை அசைத்துவிட்டு, ரேடியேட்டரைத் துடைத்துச் சாக்கில் கட்டினார். ஆறுதல் சொல்லாத முதல் மனிதர்.

அக்டோபர் 19, ஞாயிறு

நானே மாட்டினேன். ஐயம்பெருமாளைக் கூப்பிடவில்லை. படத்தைப் பார்த்து நாலு ஆணியும் இரண்டு ரப்பர்க் குழாயும். விரல் முட்டி பெயர்ந்து ரத்தம். கூலன்ட் ஊற்றி, அரை மணி நேரம் ஓட விட்டேன். ஒரு சொட்டுக் கசிவில்லை.

சந்தோஷமாக உள்ளே வந்தேன். அப்பா சொல்கிறார்: "சரியாயிடுத்தோன்னோ? குருகிட்ட இனிமே இதைப் பத்திப் பேசாதே. தெரியாம பண்ணிட்டான். வருத்தப்படுவான்."

அவ்வளவுதான். என் வாயிலிருந்து வந்ததையெல்லாம் எழுத முடியாது. அவன் வருத்தப்படுவானா? அன்னிக்கு உங்க உதடு நீலமா போச்சே, பார்த்துண்டு நின்னது யாரு? ஒன்றரை வருஷமா செவ்வாயும் சனியும் உங்களைக் கூட்டிண்டு அலையறது யாரு? உங்க தண்ணியை அளந்து அளந்து கொடுத்து உங்ககிட்டயே திட்டு வாங்கறது யாரு? ஒரு நாள், ஒரே ஒரு நாள் அவனை வரச் சொல்லியிருக்கேளா?

அப்பா மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "நீ இருக்கே. அதனால அவனைக் கூப்பிடணும்னே தோணலை" என்றார்.

அதைப் பாராட்டு மாதிரி சொன்னார்.

அக்டோபர் 21, செவ்வாய்

வண்டி நன்றாக ஓடியது. போக இருபத்தெட்டு கிலோமீட்டர், வர இருபத்தெட்டு. இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அக்டோபர் 27, திங்கள்

இன்னும் அப்படித்தான். மாத்திரை, தண்ணீர், சாதம். "போதும்" என்கிறார். அவ்வளவுதான் பேச்சு. நான் கத்தியது தப்பா? இல்லை. யோசித்துப் பார்த்துவிட்டேன். இல்லை.

நவம்பர் 3, திங்கள்

அப்பா ஒரு இன்லண்ட் லெட்டரை ஒட்டிக் கொடுத்து, "இதைப் பெட்டியில போட்டுடு" என்றார். குருவின் விலாசம். கோணல்மாணலான எழுத்து, எழுதவே காலை முழுக்க ஆகியிருக்கும். என்னைப் பற்றிப் புகாராகத்தான் இருக்கும். பிரித்துப் பார்க்கலாமா என்று தெருமுனை வரை யோசித்தேன். போட்டுவிட்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

குரு வந்திருக்கிறான். பெரிய பெட்டி. ஒரு மாத லீவாம். என் முகத்தைப் பார்க்காமல் அந்த இன்லண்ட் லெட்டரை மேஜையில் வைத்துவிட்டு, "நீதானே எழுதச் சொன்னே?" என்றான். இல்லை என்றேன். நம்பினானோ என்னவோ. எடுத்துப் படித்தேன்.

'சிரஞ்சீவி குருபிரசாத்துக்கு ஆசீர்வாதம். ரேடியேட்டரை உடைத்தது பெரிய தப்பில்லை. சொல்லாமல் ரயிலேறியது தப்பு. அதை உன் அக்காவிடம் பூசி மெழுகப் பார்த்தது என் தப்பு. மீன் வண்டியில் எனக்கு மூச்சு முட்டியபோது லக்ஷ்மி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் கையைப் பிடிக்க அங்கே ஒருவரும் இல்லை. ஒரு மாதம் லீவு போட்டுவிட்டு வா. முடியாவிட்டால் காரணம் எழுத வேண்டாம்.'

இதை என்னிடம் சொல்லியிருக்கலாமே. பக்கத்து அறையில்தானே இருக்கிறேன்? பதினைந்து நாள் மௌனமாக இருந்துவிட்டு, அவனுக்கு எழுதியிருக்கிறார். படித்துவிட்டு அழுதேன், அப்போதும் கோபத்தோடுதான் அழுதேன்.

நவம்பர் 18, செவ்வாய்

ஆறரைக்கு குரு அப்பாவை ஏற்றிக்கொண்டு போனான். அப்பா ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "போயிட்டு வரேம்மா" என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

குளித்து, புடவை மாற்றி, பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன். ஒன்றரை வருடத்தில் நான் லீவு போடாத முதல் செவ்வாய். ஒன்பதாம் வகுப்பில் நுழைந்ததும் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"டீச்சர், இன்னைக்குச் செவ்வாக்கெழமைல்லா?"

"ஆமா" என்றேன். "போர்டைத் துடை."